பேறு பார்க்கப் போன குதிரை

நான் குதிரை ஏறப் பழகியது என் இருபத்தேழாம் வயதில், மாட்டைத் தவிர வேறொரு மிருகத்தையும் கட்டி வளர்த்தறியாத ஒரு குடியேற்றத் திட்டத்தில். அதற்கு முன் நான் கிட்ட நின்று பார்த்த குதிரை எங்கள் ஊர்க் கோயிலின் மரக் குதிரை வாகனம் ஒன்றுதான். அது எப்போதும் முன்கால் இரண்டையும் அந்தரத்தில் தூக்கியபடி, வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். உயிருள்ள குதிரையும் அநேகமான நேரம் அப்படித்தான் நிற்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. மருத்துவிச்சியாக யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் வேலை செய்த பிறகு எனக்கு வன்னிக்கு மாற்றம் வந்தது. புளியங்குளச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில் மாட்டு வண்டிலில் உள்ளே போகவேண்டும். காடு வெட்டி, குளம் திருத்தி, வாய்க்கால் இழுத்துக் கொடுத்த வயல் காணிகள். யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவற்றில் குடியிருந்தன. ஊரில் வேலிக்கு மேலால் தலையைக் காட்டிக் கதைத்துப் பழகிய சனம், இங்கே கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருந்தது. எல்லாம் இளம் குடும்பங்கள். புதுக் காணி, புதுக் கொட்டில், இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. எனக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. சனம் என்னை மிஸி என்று கூப்பிட்டது. வீடு வீடாகப் போய்வர எனக்கொரு கறுப்புச் சைக்கிள் தந்திருந்தார்கள். கோடையில் அது நன்றாகவே ஓடியது.

என் இருப்பிடத்தோடு ஒட்டி, ஒரு வேலி மட்டும் இடையில் இருந்த காணியில் நெடுந்தீவுக் குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரரை நான் அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அக்கா அப்போது மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தா. அந்த ஆவணியில் அண்ணையின் ஒற்றை மாட்டு வண்டிலின் எருது வருத்தம் வந்து செத்துப்போனது. அவர் ஊருக்குப் போய், வண்டில் இழுக்கவென்று ஒரு குதிரையை வள்ளத்திலும் லொறியிலும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

நெடுந்தீவின் வெளிகளில் குதிரைகள் கூட்டமாகத் திரிவது எல்லாரும் அறிந்ததுதான். அந்தக் காலத்து ஒல்லாந்தர் விட்டுப்போனவை என்பார்கள். இவள் அப்படித் திரிந்த ஒரு பெண் குதிரை. அண்ணையின் தம்பி அவளைப் பிடித்து வளவில் கட்டி, ஆள் ஏறி இருக்கும் அளவுக்குப் பழக்கியிருந்தார். கோடையில் தீவனம் போதாமல் திரும்பவும் வெளியில் மேயவிட்டு, அண்ணை வந்து கேட்டபோது மறுபடியும் பிடித்துக் கொடுத்தாராம்.

வந்து சேர்ந்த அன்று பின்னேரமே குடியேற்றம் முழுவதும் அங்கே கூடிவிட்டது. அவள் என் தோளுயரம் நின்றாள். பனங்கட்டி நிறம். பிடரி மயிரும் வாலும் கறுப்பு. முதுகின் நடுவால் வால் வரை கறுத்த கோடொன்று ஓடியது. வந்தவர்கள் எல்லாரும் மாடு பார்க்கிற கண்ணால்தான் அவளைப் பார்த்தார்கள். வயது அறிய வாயைத் திறந்து பார்த்த ஒருவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார். மாட்டுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பல் கிடையாது, வெறும் முரசு, ஈறு மட்டும்தான். இவளுக்கு மேலும் கீழும் வரிசையாகப் பல். குளம்பு பிளந்திருக்கவில்லை. திமில் இல்லை, அலைதாடி இல்லை, கொம்பில்லை. அண்ணை இவ்வளவு குறைவான சாமானோடு ஒன்றை வாங்கி ஏமாந்து வந்திருக்கிறாரே என்று சிலர் உண்மையாகவே கவலைப்பட்டார்கள்.

சில நாட்களில் கவலை கூடியது. அவள் அசை போடவில்லை. மாடு அசை போடாவிட்டால் அதற்கு வருத்தம் என்பது வயல்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் படுக்கவும் இல்லை. ஒரு பின்காலை இலேசாக மடித்துத் தலையைத் தொங்கப்போட்டு நின்றபடியே உறங்கினாள். இரக்கப்பட்ட ஒருவர் மிளகும் உள்ளியும் இடித்துக் கரைத்துக்கொண்டு வந்து, மாட்டுக்குப் பருக்குவதுபோல மூங்கில் குழாயால் பருக்கப் பார்த்தார். அவள் குழாயைக் கடித்துப் பிளந்து துப்பினாள்.

வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அதுக்கு வருத்தமில்லை. அது குதிரை," என்றா. வைத்தியம் அதோடு நின்றது.

வண்டில் விசயமும் சரிவரவில்லை. எருதுக்கு நுகம் திமிலின் முன்னால் தடுத்து நிற்கும். இவளுக்குத் தடுக்க ஒன்றுமில்லை. அண்ணை நுகத்தை வைத்துவிட்டுப் பின்னால் போக, அவள் தலையைக் குனிந்தாள். நுகம் கழுத்தால் வழுகிக் காதுகளைத் தாண்டி நிலத்தில் விழுந்தது. அவள் அதை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுப் புல் மேயப் போனாள். குதிரை நெஞ்சால்தான் இழுக்கும் என்று அக்கா சொல்ல, சாக்குக்குள் வைக்கோல் அடைத்து நெஞ்சுப் பட்டி ஒன்று செய்தார்கள். அவள் இழுக்கத்தான் செய்தாள். ஆனால் பின்னால் அச்சு கிறீச்சிட்டதும், தன்னை ஏதோ துரத்துகிறது என்று எண்ணி ஓட்டமெடுத்தாள். ஓட ஓட அச்சு இன்னும் பலமாகக் கத்தியது. கடைசியில் வண்டில் வாய்க்காலுக்குள் சில்லு மேலே தெரியக் கிடந்தது. அதற்குப் பிறகு அண்ணையைக் கண்டாலே அவள் காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. அந்த நிலம் களிமண். நனைந்தால் பசைபோலச் சைக்கிள் ரயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் இறுகி, சில்லைச் சுற்றவிடாது. குச்சியால் கிண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சத் தூரம் போனால் திரும்பவும் இறுகும். அக்காவுக்கு நோ தொடங்கிய அன்று நான் இன்னொரு வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பேற்றுப் பையை மற்றக் கையில் பிடித்தபடி, முழங்கால் வரை சேற்றோடு அவவின் கொட்டிலுக்குள் போய் நின்றேன். நோவுக்கு நடுவிலும் அவ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டா.

"மிஸி, சைக்கிள் உங்களை ஏத்துதோ, நீங்கள் சைக்கிளை ஏத்துறியளோ?"

பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண் பிள்ளை. நான் கழுவித் துடைத்து அக்காவின் பக்கத்தில் கிடத்திய பிறகு, அவ பிள்ளையைப் பார்த்துவிட்டு, பிறகு நெடுநேரம் என் கால்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தா.

"உந்தக் காலோடை அடுத்த வீட்டுக்குப் போகேலாது," என்றா. "குதிரை சும்மாதானே நிக்குது. நீங்கள் அதிலை போங்கோ."

நான் மாட்டேன் என்றேன். சேலையோடு எப்படி ஏறுவது என்றேன். சனம் என்ன சொல்லும் என்றேன். அவ ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வைத்திருந்தா. நெடுந்தீவில் சின்ன வயதில் அண்ணன்மாரோடு சேணமில்லாமல் குதிரை ஓட்டித் திரிந்தவ அவதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணைக்குக் குதிரை என்றால் உள்ளூரப் பயம். அவர் கடலுக்குப் போன ஆள்.

பிள்ளை பெற்றவள் துடக்குத் தீட்டுக் கழியும்வரை வெளியில் வரக்கூடாது. அதனால் எனக்கான படிப்பு கொட்டில் வாசலில் இருந்து நடந்தது. அக்கா உள்ளே பாயில் இருந்து, படலைத் தட்டியை விலக்கிவைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி சத்தம் போடுவா. முற்றத்தில் அண்ணை கயிற்றைப் பிடிப்பார். நான் மழைத் தூறலில் நிற்பேன்.

பின்னால் போகாதேங்கோ என்பா. குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிவரத் தெரியும். தனக்கு நேர் பின்னால் நிற்பதும் மூக்குக்குக் கீழே இருப்பதும் மட்டும் தெரியாது. தெரியாததை உதைக்கும். ஆகவே தோள் பக்கமாகப் போகவேண்டும், போகும்போது கதைத்துக்கொண்டு போகவேண்டும். காதைப் பார்க்கவேண்டும். காது முன்னால் நின்றால் எதையோ கவனிக்கிறாள். ஒரு காது என் பக்கம் திரும்பினால் நான் சொல்வதைக் கேட்கிறாள். இரண்டும் பின்னால் படிந்தால் கையை எடுத்துவிடவேண்டும். அண்ணை இந்தக் கடைசிப் பாடத்தை மறந்து ஒருநாள் முழங்கையில் கடி வாங்கினார்.

அவளுக்கு என் கை மணம் பிடிக்கவில்லை. கார்பாலிக் சவர்க்காரத்தின் மணம் அது. மூக்கைச் சுருக்கி, மேலுதட்டைத் தூக்கிப் பல்லெல்லாம் காட்டினாள். அப்போது பார்க்க எங்கள் கோயில் வாகனம் மாதிரியே இருந்தாள். நான் நாள்தோறும் அவளுக்குக் கொஞ்சம் பனங்கட்டி கொடுத்தேன். பிறகு அந்த மணம் வந்தால் இனிப்பும் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டாளோ என்னவோ, நான் கை கழுவும் சத்தம் கேட்டாலே கனைக்கத் தொடங்கினாள்.

கோதுமை மா வந்த துணிச் சாக்கில் அக்கா எனக்கு ஒரு தொளதொளத்த காற்சட்டை தைத்துத் தந்தா. சேலைக்கு உள்ளே போட்டுக்கொள்ள. எவ்வளவு தோய்த்தும் நீல எழுத்துகள் முற்றாகப் போகவில்லை. நான் ஏறும்போது பார்ப்பவர்களுக்கு என் தொடையில் மாவின் நிறை தெரியும்.

முதன்முதல் ஏறியபோது நான் உடம்பெல்லாம் விறைத்துப்போய் இருந்தேன். அவளும் விறைத்துப்போய் நின்றாள், ஒரு அடி வைக்கவில்லை. அக்கா உள்ளே இருந்து சொன்னா: "மிஸி, நோவிலை கிடக்கிற பொம்பிளைக்கு என்ன சொல்லுவியள்? மூச்சை விடு, உடம்பைத் தளரவிடு எண்டெல்லோ? அதை உங்களுக்குச் சொல்லுங்கோ."

நான் மூச்சை நீளமாக விட்டேன். என் இடுப்பு தளர்ந்தது. கீழே அவளும் ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, வந்தது சிரிப்புத்தான்.

அந்த மாரி முழுவதும் நான் குதிரையில்தான் பேறு பார்க்கப் போனேன். களியில் அவளுடைய வட்டக் குளம்பு பொக்கென்று புதைந்து பொக்கென்று வெளியே வந்தது. வைக்கோல் அடைத்த சாக்கு எனக்குச் சேணம், பேற்றுப் பை முன்னால் தொங்கும். சனம் கொஞ்ச நாள் பார்த்துச் சிரித்தது. பிறகு, குதிரை எந்த வளவில் நிற்கிறது என்று பார்த்து எந்த வீட்டில் பிள்ளை பிறக்கிறது என்று அறிந்துகொள்ளப் பழகிவிட்டது. எனக்குத்தான் அவளுடைய பயங்களைப் பழகிக்கொள்ள நாள் எடுத்தது. ஒருநாள் காலை காட்டோர வழியின் நடுவில் நின்றுவிட்டாள். காது இரண்டும் முன்னால் குத்திட்டு நின்றன. நான் குதிகாலால் தட்டினேன், ஏசினேன், இறங்கி இழுத்தும் பார்த்தேன். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்னால், பாலை மரங்களுக்கு நடுவில் இருந்து ஒரு தனியன் யானை வழியைக் கடந்து குளத்துப் பக்கம் போனது. நான் அவளுடைய கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சாதாரணமாக நின்று, யானை போன பிறகு தானாக நடந்தாள்.

இப்படி யானைக்கு நின்றவள் குடைக்கு மிரண்டாள். வவுனியாவிலிருந்து எங்களை மேற்பார்வை செய்ய ஒரு பெரிய மிஸி வருவா. அவவுக்கு நான் குதிரையில் திரிவது தெரியாது. ஒரு மார்கழிக் காலை அவ ஜீப்பை வீதியில் விட்டுவிட்டு வயல் வரம்பால் நடந்து வந்தா. நான் எதிரே குதிரையில் வந்தேன். மழை தூறவே அவ குடையை விரித்தா. அது படாரென்று விரிந்ததும் குதிரை ஒரு பக்கமாகத் துள்ளியது. நான் மறுபக்கமாக வயலுக்குள் இருந்தேன், இடுப்பளவு சேற்றில், பையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தபடி.

பெரிய மிஸி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சைக்கிளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா.

நான் நடந்ததைச் சொன்னேன். மழையில் சைக்கிள் ஓடாது என்பதை அவ நம்பவில்லை. சரி, நடந்தே வீடுகளைப் பார்ப்போம் என்று புறப்பட்டா. இரண்டாவது வீட்டுக்குப் போகுமுன் அவவின் காலில் இருந்த ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. தேடி எடுக்க முடியவில்லை. அன்று பின்னேரம் பெரிய மிஸி குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு குதிரையில் இருந்தா. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஜீப்பைக் கண்டதும் இறங்கி, சாரதி பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குதிரையின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனா. பிறகு யாரும் என்னிடம் சைக்கிளைப் பற்றிக் கேட்கவில்லை.

மழை விட்டு, தையில் நெல் முற்றத் தொடங்கியபோது அவள் நன்றாகக் கொழுத்திருந்தாள். வாய்க்கால் கரைப் புல்லின் குணம் என்றார் அண்ணை. நெடுந்தீவின் உவர்த் தண்ணீரை விட்டு நல்ல தண்ணீர் குடிப்பதால் வந்த ஊதல் என்றார் இன்னொருவர். வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். நாள் முழுவதும் வயிறுகளைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

ஒரு நாள் வரம்பு வழியே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது என் இடது குதியில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. திரும்பவும் இடித்தது. உள்ளே இருந்து இடித்தது. அந்த இடியை எனக்குத் தெரியும். எத்தனையோ வயிறுகளில் என் உள்ளங்கையில் வாங்கியிருக்கிறேன். காலில் வாங்கியது அதுதான் முதல் தடவை.

நான் உடனே இறங்கிவிட்டேன். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலைப் பையில் இருந்து எடுத்து, அவளுடைய வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். கேட்டதெல்லாம் குடலின் கடகடப்புத்தான். அவள் தலையைத் திருப்பி, குழலைப் பல்லால் மெதுவாகப் பிடித்து என் கையில் இருந்து எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து வீடு வரை நான் அவளை நடத்திக்கொண்டு வந்தேன்.

அக்கா முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தா. நான் சொன்னதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தா. தம்பி கோடையில் வெளியில் மேயவிட்டது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. மிஸி இவ்வளவு காலமும் ஒரு பிள்ளைத்தாச்சியின் முதுகில் இருந்து பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கப் போயிருக்கிறா என்ற கதை அன்று பொழுதுபடுமுன் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. நான் போன வீடுகளில் எல்லாம் பெண்கள் தங்கள் சுகத்தைச் சொல்லுமுன் குதிரையின் சுகத்தைக் கேட்டார்கள்.

குதிரைக்குப் பதினொரு மாதம் என்று அக்கா சொன்னா. அப்படிப் பார்த்தால் வைகாசி. ஆனால் பெறுவதைத் தான் கண்டதில்லை என்றா.

"எங்கடை ஊரிலை ஆரும் கண்டதில்லை, மிஸி. விடியப் பாத்தாக் குட்டி பக்கத்திலை நிக்கும். ஆக்கள் பாத்துக்கொண்டிருந்தால் அதுகள் பெறாதுகள். அடக்கி வைச்சிருக்குங்கள்."

அப்படி அடக்க முடியாது என்று நான் சொன்னேன். பேறு தொடங்கினால் தொடங்கியதுதான். இதை நான் பார்க்காமல் விடப்போவதில்லை என்றும் சொன்னேன்.

வைகாசியில் அவளுடைய மடி நிறைந்தது. காம்பு நுனியில் மெழுகுபோல ஒன்று துளித்து நின்றது. நான் நேரம் கிடைத்தபோதெல்லாம் அண்ணையின் மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பெண்கள் பிள்ளைகளோடு வந்து சுற்றி இருந்தார்கள். பேறு இலேசாக நல்லெண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள், பெற்ற பிறகு, பிள்ளை பெற்ற பெண்களுக்குப்போல, சரக்குக் கறி காய்ச்சிக் கொடுப்பதா வேண்டாமா என்று வாக்குவாதப்பட்டார்கள். அவள் எங்கள் எல்லாரையும் பார்த்தபடி வைக்கோல் சப்பினாள். நாட்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வந்தது. சனம் வண்டில் கட்டிக்கொண்டு புறப்பட்டது. அக்காவுக்குப் பெண் பிள்ளைக்கு வைத்த நேர்த்திக்கடன் இருந்தது. அவவும் பிள்ளைகளோடு இன்னொருவரின் வண்டிலில் போனா. குதிரைக்காக அண்ணை நின்றார், நானும் நின்றேன். வண்டிலில் ஏறிய பிறகும் அக்கா திரும்பிப் பார்த்து, அவளை உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனா.

அடுத்த நாள் விடியற்காலை அவள் வியர்த்தாள். ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றினாள், முன்காலால் நிலத்தைக் கிளறினாள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கையை முழங்கைவரை கழுவிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றுவதை விட்டுவிட்டு நின்றாள். பொழுது நன்றாக வெளிக்கும் வரை நின்றாள். அண்ணை மரத்தில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். எனக்கும் தலை சுற்றியது. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று அக்காவின் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். ஈர விறகு. ஊதி ஊதித் தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் சுணங்கிவிட்டது.

இரண்டு கோப்பையோடு நான் வெளியே வந்தபோது வைக்கோலின் மேல் ஒரு நனைந்த குட்டி கிடந்தது. முற்றாகப் பிறந்து, மூச்சு விட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டு. அவள் பக்கத்தில் நின்று அதை நக்கிக்கொண்டிருந்தாள். அண்ணை இன்னும் நித்திரை.

நான் தேத்தண்ணியை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். அவளுடைய தொண்டைக்குள் இருந்து அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. மிகவும் பதிந்த, உதடு துடிக்கிற ஒரு கனைப்பு. குட்டி அதற்குக் காதைத் திருப்பியது. அதன் குளம்புகளில் நுங்குபோல மெல்லிய வெள்ளைத் திரள் சுற்றியிருந்தது. தாயின் கருப்பை கிழியாமல் இருக்க அந்த ஏற்பாடு என்று எனக்கு விளங்கியது. எத்தனையோ பிள்ளைகளை என் கையில் ஏந்தியிருக்கிறேன். எல்லாம் ஒரு வருடத்துக்குப் பிறகுதான் எழுந்து நிற்கும். இது என் தேத்தண்ணி ஆறுமுன் முன்கால்களை ஊன்றியது. பின்பக்கத்தைத் தூக்க, முன்பக்கம் விழுந்தது. முன்பக்கத்தைத் தூக்கி நிமிர, நாலு காலும் நாலு திசைக்குப் போயின. எழும்பிய அண்ணை வாயைத் திறந்தபடி பார்த்தார். அது கடைசியில் ஒருமாதிரி நின்றபோது அவர் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். அதனால் அது திரும்பவும் விழுந்தது.

எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. நச்சுக்கொடி விழும்வரை காத்திருந்து, அதை விரித்து, முழுவதும் வந்துவிட்டதா என்று பார்த்தேன். ஒரு துண்டும் உள்ளே தங்கியிருக்கவில்லை. அந்தப் பேற்றில் என் பங்கு அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்து வண்டில்கள் திரும்பியபோது குட்டி கொட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பெண்களுக்கு என்மேல் கோபம். நான் கண்டதைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினார்கள். சொல்ல என்னிடம் என்ன இருந்தது? அக்கா மட்டும் ஆறிய தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கழுவிக்கொண்டு, தனக்குள் சிரித்தா.

அது ஆண் குட்டி. தாயைப்போல இல்லை, மனிதருக்கு நடுவில் பிறந்ததால் ஒன்றுக்கும் பயமில்லை. குசினிக்குள் தலையை விட்டுப் புட்டு எடுத்துத் தின்றது. கோழிகளைத் துரத்தியது. அண்ணையின் சால்வையை இழுத்துக்கொண்டு ஓடியது. கடலைத் தவிர ஒன்றையும் நம்பாத அண்ணை, அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டபடி மணிக்கணக்காக நிற்பார்.

அடுத்த ஐப்பசியில் நான் திரும்பவும் தாயின் மேல் ஏறி வேலைக்குப் போனபோது குட்டியும் பின்னால் வந்தது. ஒருநாள் கடைசி வாய்க்கால் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். தலைப் பிள்ளைக்காரி, சின்னப் பெண். தாய் ஊரில். புருசன் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் பயத்தில் உடம்பை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் சொன்ன எதுவும் அவளுடைய காதில் ஏறவில்லை. மழை இறங்கியது. தாய்க் குதிரை கூரை விளிம்பின் கீழ் ஒதுங்கி நின்றது. குட்டிக்கு அங்கே இடம் போதவில்லைப் போல. ஓலைத் தட்டியைத் தலையால் தள்ளிக்கொண்டு பாதி உடம்பை உள்ளே விட்டு, காதை உதறி எங்கள் எல்லார்மேலும் தண்ணீர் தெளித்தது. பிறகு தட்டியில் இருந்து ஓலை ஒன்றை இழுத்துச் சப்பத் தொடங்கியது.

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவளுடைய உடம்பு என் கைக்குக் கீழே தளர்வதை நான் உணர்ந்தேன். விளக்கு வைக்குமுன் பிள்ளை பிறந்துவிட்டது.

"அதுக்கு என்ன பேர், மிஸி?" என்று கேட்டாள், பிள்ளையை அணைத்தபடி குட்டியைப் பார்த்து.

"ஒரு பேரும் வைக்கேல்லை," என்றேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. எப்போதும் என் பின்னால் வந்ததால் சனம் அதை என் பையன் என்ற கணக்கில் "மிஸியின்ரை பெடியன்" என்றது. அது எல்லாருக்கும் பழகிப்போய், யாரும் அதைப் பகிடியாகக்கூட நினைக்கவில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். புளியங்குளச் சந்தியில் ஒரு கடையில் வழி கேட்டிருக்கிறார். மிஸி இப்ப வீட்டிலை இல்லை, பெடியனையும் கூட்டிக்கொண்டு பேறு பார்க்கப் போயிட்டா என்று கடைக்காரர் சொல்லவும், அவர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். இதைக் கேள்விப்பட்டு அண்ணை மிகவும் வெட்கப்பட்டார். இரண்டாம் முறை ஒருவர் வருகிறார் என்றதும் தானே புளியங்குளச் சந்திக்குப் போய் நின்று, பெடியன் யார் என்பதை முன்கூட்டியே விளங்கப்படுத்தியிருக்கிறார்.

வந்தவர் சந்தியில் இரவல் வாங்கிய சைக்கிளை என் வீட்டுப் படலையில் சாத்திவிட்டு, என்னை நேரே பார்க்க வெட்கப்பட்டு, முதலில் குட்டியைக் காட்டச் சொன்னார். தோள் பக்கமாகப் போங்கோ என்று நான் சொன்னேன். அவர் அப்படியே போய், அதனோடு என்னவோ கதைத்துக்கொண்டு நின்றார். அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எனக்குத் தலையை ஆட்டினா. அவரைத்தான் நான் கட்டினேன்.